பெரிய கை இறங்கிய கதை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, காப்பீட்டு அலுவலகத் தலைமைக் கணக்கர் ஒருவர் மூலமாக ‘வால்யூம் வலை’யைக் கண்டுபிடித்தது.

தத்துவம் எளிது. பங்குச் சந்தையில் ஒரு பங்கின் வால்யூம், அதாவது ஒரே நாளில் கைமாறும் எண்ணிக்கை, வழக்கத்தைப் போல ஐந்து மடங்கானால், விஷயம் தெரிந்த ‘பெரிய கை’ ஒன்று இறங்கிவிட்டது என்று பொருள். உடனே நாமும் இறங்கிவிட வேண்டும். எதற்கு என்று கேட்பது பெரிய மனிதர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

தினமும் மாலையில் அவருடைய கணினி சந்தையிலுள்ள எல்லாப் பங்குகளையும் சலித்து எடுக்கும். ஒரு திங்கட்கிழமை வலையில் சிக்கியது ஒரே மீன்: குடைக்கம்பி செய்யும் சின்னக் கம்பெனி. தினமும் நாற்பது பங்கு போகிற இடத்தில் அன்று இருநூறு!

மறுநாள் காலையில் தலைமைக் கணக்கர் இரண்டாயிரம் பங்கு வாங்கினார். அது மனைவி தையல் கடை வைக்கப் பார்த்திருந்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணம். அவளிடம் சொல்லவில்லை, லாபத்தோடு சேர்த்துச் சொல்லலாம் என்ற பெருந்தன்மைதான்.

அன்று மாலை வலை அலறியது. ஐம்பது மடங்கு!

உடனே வீட்டுக் கூடத்தில் அவசரக் கூட்டம். உறுப்பினர்கள்: கீழ்வீட்டுப் பல் டாக்டர், மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனர்.

“பெரிய கை இறங்கிடுச்சு,” என்றார் தலைமைக் கணக்கர், குரல் தழுதழுக்க. “சாதாரண ஆள் இல்ல. மூளைக்காரன்.”

“அவ்வளவையும் ஒருத்தன் வாங்கினான்னா, வித்தது யாரு?” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

“விவரம் தெரியாதவங்க.”

மறுநாள் உறுப்பினர்கள் ஆளுக்கு மூவாயிரம் வாங்கினார்கள். வலை நூற்றைம்பது மடங்கு என்றது. “மாமா, நீங்க தீர்க்கதரிசி!” என்றார் மைத்துனர். மாமா மறுக்கவில்லை.

அதற்கடுத்த நாள் வாங்க ஆளே இல்லை. விலை நாளுக்கு நாள் சரிந்தது. விற்கப் போனால் சந்தை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் பணம் பாதியாகி, தையல் கடைக்குப் பார்த்த இடம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. விஷயம் தெரிந்தும் மனைவி திட்டவில்லை, துணி வெட்டிக்கொண்டே இருந்தாள். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைக் கோபமாக மாற்றும் கலையை அலுவலகம் அவருக்குக் கற்றுத் தந்திருந்தது: புகார் எழுதுவது.

‘அப்பாவிகளை ஆசைகாட்டி இழுத்துவிட்டு ஓடிய பெரிய கை மீது சந்தை நிர்வாகத்திடம் முறையிடுவது’ என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

“ஆதாரம் வேணும் மாமா,” என்றார் மைத்துனர். “மூணு நாளும் சேர்த்து எட்டாயிரத்து இருநூறு கைமாறியிருக்கு. நாம வாங்கினதைக் கழிச்சா, மிச்சம் அந்தப் பயலோடது.”

கழித்தார்கள். மிச்சம் இருநூறு.

“மாட்டிக்கிட்டான்!” தலைமைக் கணக்கர் மேசையைத் தட்டினார். “முதல் நாளே ஆரம்பிச்சு வெச்சிருக்கான், படுபாவி!”

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். “சார்... அது நான்தான். பற்பசைக் கம்பெனின்னு நெனச்சு மாத்தி வாங்கிட்டேன்.”

மைத்துனர் அந்த இருநூறையும் கழித்தார்; மிச்சம் பூஜ்யம். மனைவி கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து, பாதி எழுதியிருந்த புகாரை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க. என் தையல் கடையையும் இதுல சேர்த்துக்குங்க,” என்று பேனாவை அவர் கையில் கொடுத்தாள். “குற்றவாளி பேருதான் விட்டுப்போச்சு. எழுதுங்க, சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்.”