கேரியரில் ஒரு சக்கரம்

டிங்... டிங்... டிங்.

சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கிய கிளாரன்சின் காதில் முதலில் அந்தச் சத்தம்தான் விழுந்தது. ஜன்னல் கம்பியில் மாட்டிய டிபன் கேரியர் ரயில் குலுங்கும்போது போடுகிற சத்தம். பெங்களூரிலிருந்து வருகிற வழியெல்லாம் கேட்டுப் பழகியது. யாரோ நம்மைப் போலவே மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தார். பிறகு வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். மூன்றாவது கை இல்லை. ரயில் மாரிகுப்பம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஸ்டேஷன்தான் கடைசி. ஓட்டம் பாதி, நடை பாதி, மூச்சு வாங்கல் மீதியாகப் போய்ச் சேர்ந்தார். பெட்டி காலி. கம்பி இருந்தது, கேரியர் இல்லை.

அது லேசுப்பட்ட கேரியர் இல்லை. மைசூர் மைன்ஸ் பக்கத்து மகளிர் மன்றம் வைத்த பிரியாணிப் போட்டியில் அவர் மனைவி சங்கமித்ரா வாங்கிய முதல் பரிசு. அவள் வாங்கிய ஒரே பரிசும் அதுதான். நடு அடுக்கில் மன்றத்தின் சின்னம் பொறித்திருக்கும். ஒரு சக்கரம், கீழே ஒரு கரண்டி. அப்பாவும் தாத்தாவும் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்ற கூண்டில் இறங்கி ஏறிய குடும்பம் என்பதால் கிளாரன்சுக்கு அது அந்தக் கூண்டை இழுத்து ஷாஃப்ட் உச்சியில் சுற்றுகிற சக்கரம். புத்த விகாரைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்த சங்கமித்ராவுக்கு அது தம்ம சக்கரம். மூன்று வருடமாக வீட்டில் இந்த வழக்கு நடக்கிறது. "எதுவானா இன்னா, சுத்துனா சரி" என்று மன்றத்தலைவி டெய்சி தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

போன மாசம் குடை. அதற்கு முந்தின மாசம் ஒற்றைச் செருப்பு. குடையைத் தொலைத்த அன்றே சங்கமித்ரா எச்சரித்திருந்தாள்.

"இன்னொண்ணு தொலைச்சுட்டு வாங்க, எல்கேஜி புள்ளைக்கு வாட்டர் பாட்டில் மாட்டுறாப்ல கழுத்துல கயிறு கட்டி சோறு அனுப்புறேன். ட்ரெயினே பாக்கட்டும்."

சொன்னால் செய்கிறவள். சொன்ன வாரமே நீல நைலான் கயிறு ஒன்று சமையலறை ஆணியில் தொங்கியது.

அன்று அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டேதான் கிளாரன்ஸ் வீட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னாங்க, கையை வீசிகினு வர்றீங்க? கேரியர் எங்க?"

"கம்பெனி லாக்கர்ல வச்சுட்டேன்."

"எதுக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்."

சங்கமித்ரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல காரியம். நாளைக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மன்றத்து குரூப்புல போடணும். சின்னம் தெளிவா தெரியணும்."

"கேரியரையே கொண்டாந்துடுறனே."

"வேணாம். பத்திரமா இருக்கட்டும்."

மறுநாள் கம்பெனியில், பக்கத்து சீட்டு விநாயக்கின் காலில் விழாத குறை. விநாயக்கிடம் இரண்டு செல்வங்கள் இருந்தன. சின்னம் இல்லாத மூன்றடுக்கு கேரியர் ஒன்று. போட்டோ எடிட்டிங் சாப்ட்வேர் போட்ட லேப்டாப் ஒன்று.

"அண்ணா, மவுஸ் புடிக்கவே வராதுன்னு சொல்வீங்களே?"

அது உண்மை. மன்றத்து ஊறுகாய் பாட்டில் போட்டோக்களில் சின்னம் போட்டுத் தரும்படி மனைவி இரண்டு மாதமாகக் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில் அதுதான்.

"கழுத்துல கயிறு வர்றப்ப எல்லாம் வரும்டா."

விநாயக்கின் கேரியரைப் படம் பிடித்தார்கள். கிளாரன்ஸ் சின்னத்தை நினைவிலிருந்தே வரைந்தார். சக்கரம், கம்பிகள், கரண்டி. இழுத்துக் கேரியர் மேல் போட்டார்.

"இது லோகோ இல்லண்ணா, ஸ்டிக்கர் பொட்டு."

"இன்னா பண்ணணும்?"

"ஷிப்ட்டை அமுக்கிகிட்டே இழுங்க. அப்பதான் கோணாது."

கிளாரன்சுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தலைமுறையாக ஷிப்ட்தான் அவர்களை அமுக்கியது. முதல் தடவையாக அவர் ஷிப்ட்டை அமுக்கினார்.

அதன் பிறகு அவர் சாப்பிடவே எழுந்திருக்கவில்லை. லேயர் மேல் லேயர் என்றதும், மைன்ஸில் லெவல் லெவலாக இறங்குகிற மாதிரிதானே என்று பிடித்துக்கொண்டார். கேரியரின் வயிறு வளைகிற இடத்தில் சக்கரத்தையும் வளைத்தார். ஸ்டீலின் பளபளப்பு சின்னத்தின் ஊடாகத் தெரியும்படி கலந்தார். பொறித்த கோடு என்றால் பள்ளம். வெளிச்சம் வருகிற பக்கத்து ஓரம் இருட்டு, எதிர் ஓரம் மினுக்கு. அதை ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக வைத்தார். கேரியரிலிருந்த தேய்த்த கீறல்களில் நாலைந்தை எடுத்துச் சின்னத்தின் மேலேயும் ஓடவிட்டார். இருபது வருடமாகப் பேக்கிங் பிரிவில் யார் யார் பெயரையோ அட்டைப்பெட்டியில் ஒட்டி அனுப்பிய கை அது. அதற்கே தன் மேல் மரியாதை வந்தது.

அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"சூப்பருங்க. அப்டியே பொறிச்சு வச்ச மாதிரி கீது."

"பொறிச்சுதானே வச்சுகிறாங்க?"

"அதான் சொல்றேன். நாளைக்குப் பக்கவாட்டுல ஒண்ணு."

பக்கவாட்டில் அனுப்பினால், "வெயில்ல வச்சு ஒண்ணு" என்றாள். வெயிலில் அனுப்பினால், "கழுவின ஈரத்தோட ஒண்ணு. தண்ணி சொட்டு வழியா சக்கரம் தெரியணும்" என்றாள். தண்ணிச் சொட்டுக்குள் சக்கரம் உப்பித் தெரிய வேண்டும் என்று கண்டுபிடிக்கவே கிளாரன்சுக்கு ஒரு முழு லன்ச் ஆனது. விநாயக் எழுந்து நின்று கும்பிட்டான்.

நாலாவது நாள் மாலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

டிங்... டிங்.

சமையலறையில் சங்கமித்ரா கேரியர் அடுக்குகளைப் பிரித்து மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தாள். நடு அடுக்கில் சக்கரம். கீழே கரண்டி.

"லாக்கர்லேர்ந்து நடந்தே வந்துட்டுது" என்றாள்.

கிளாரன்ஸ் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"டெய்சியும் கார்மென்ட்ஸ் வேலை முடிஞ்சு அதே ட்ரெயின்லதான் வந்தா. கடைசி ஸ்டேஷன்ல எறங்கறப்ப சின்னத்தைப் பாத்துட்டு எடுத்தாந்துட்டா. நீங்க மாரிகுப்பத்துக்கு ஓடிகினு இருந்தீங்க. இது பைக்ல வீடு வந்து, அரிசி டிரம்முல தூங்கிச்சு."

"அப்ப முதல் போட்டோ வர்றப்பவே..."

"அது டெய்சி சொல்லாட்டியும் தெரிஞ்சிருக்கும்." போனை நீட்டினாள். "கம்பியை எண்ணுங்க."

எண்ணினார். ஆறு.

"இப்ப கேரியர்ல எண்ணுங்க."

அவர் எண்ணவில்லை. அவர் கண்ணில் நிற்கிற ஷாஃப்ட் சக்கரத்துக்கு ஆறு. தம்ம சக்கரத்துக்கு எட்டு. மூன்று வருட வழக்கு அந்த நொடியில் தீர்ப்பாகிவிட்டது.

"டெய்லி நீங்கதானே தேய்க்கிறீங்க? ஒரு நாளாவது பாக்கலியா?"

"ஏன் அன்னைக்கே சொல்லல மித்ரா?"

"சொல்லியிருந்தா ஒரு போட்டோவோட நின்னுருப்பீங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மவுஸ் புடிக்க வராதுன்ன மனுசன், தண்ணிச் சொட்டுல சக்கரத்தை உப்ப வச்சுட்டாரு. நானே போனைத் துடைச்சுப் பாத்தேங்க, ஈரமாயிருக்கான்னு."

கிளாரன்சுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு அடங்குவதற்குள் அவள் அலமாரிக் கதவைத் திறந்தாள். எலுமிச்சை, பூண்டு, மாங்காய். மூன்று வரிசையில் ஊறுகாய் பாட்டில்கள், சின்னம் இல்லாமல்.

"முன்னாடி, பக்கவாட்டு, வெயில், ஈரம். நாலு மாதிரியும் படம் புடிச்சு உங்க போனுக்கு அனுப்பிட்டேன். உங்களுக்குத்தான் நாலும் வந்துடுச்சே."

அவர் ஆணியைப் பார்த்தார். "அந்தக் கயிறு?"

"அதுவா? பாட்டில் பெட்டி கட்ட வாங்குனது. பாட்டிலுக்கு எட்டு கம்பி போடுங்க."

கிளாரன்ஸ் கேரியரை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனார். நாரில் சோப்பைத் தொட்டு நடு அடுக்கைத் தேய்த்தார். விரல் சக்கரத்தைச் சுற்றி வந்தது. ஆறு, ஏழு, எட்டு. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த அடுக்கை எடுத்தார்.