மாடிக்கு ஒரு ரவுட்டர்

பக்கத்து வீட்டுக்காரரின் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவனைக்கூட நம் ஊரில் இன்ஜினியர் என்று நம்பிவிடுவார்கள். அதைவிட ஆபத்து, அவனும் நம்பிவிடுவது. நான் நம்பினேன்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில், பிரசவத்துக்கு வந்த செல்வி அக்கா கைக்குழந்தையோடு இருந்தாள். மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பாப்பாவின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. அன்று மாலை கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கும், வீடியோவில் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அதை விட்டால் மறுபடி நடுக்கடல்தான். மோடமோ கீழே ஹாலில். மாடிக்கு நெட் எட்டிப் பார்ப்பதோடு சரி. (மொபைல் சிக்னலா? அது எங்கள் தெருவுக்குள் நுழைந்ததே இல்லை.)

"இன்னொரு ரவுட்டர் மாட்டிக் குட்த்துர்றேங்க்கா."

"எதுனா பேஜாரு பண்ணி வெக்காதடா" என்றாள் அக்கா.

மோடத்திலிருந்து மாடிக்கு வயர் இழுத்தேன். புது ரவுட்டரின் முதுகில் நாலு மஞ்சள் ஓட்டை, தள்ளி ஒரு நீல ஓட்டை. வயரை நீலத்தில் செருகச் சொல்லி அட்டைப்பெட்டியில் படமே போட்டிருந்தார்கள். (படம் பார்த்து மாட்டுகிறவன் என்ன இன்ஜினியர்?) மஞ்சளில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நெட் வரவில்லை. கீழே இருந்ததும் போயிருந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெருவே வாசலில் நிற்கிறது. யார் வீட்டிலும் நெட் இல்லையாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பு என்னுடையதல்ல!

இறங்கி ஓடி, கம்பத்தடியில் நின்ற, தெருவுக்கே நெட் கொடுக்கும் கேபிள்காரர் பாஷா அண்ணனை மடக்கினேன். "இன்னாண்ணா லைன் வெச்சினுகீற? அங்க ஒரு மன்சன் புள்ளயப் பாக்க துட்ச்சினுகீறாரு!"

"எல்லாம் கரீட்டாதான்பா கீது. இன்னா ஆச்சுன்னே தெர்ல" என்று அவர் தலையைச் சொறிய, தெரு என் பின்னால் அணி திரண்டது. நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

அதே நேரம் மாடியில் பொறுமை இழந்த அக்கா, என் ரவுட்டரிலிருந்து வயரைப் பிடுங்கி வீசியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்த போன்களெல்லாம் டிங் டிங் என்றன. "தம்பி சவுண்டு வுட்டான், வந்துச்சு பார்!" என்று யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

வெற்றி வீரனாக மாடி ஏறினேன். அக்காவின் போனில் கலங்கலாக மாமா! பாப்பாவைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தார். "நைனாவப் பாரும்மா... நைனாவப் பாரு..." எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுதபடியே தரையைப் பார்த்தால், வயர் கழன்று கிடக்கிறது. அடடா, மாட்டினால் படம் இன்னும் பளிச்சென்று தெரியுமே!

மாட்டினேன்.

மாமா திறந்த வாய் திறந்தபடி உறைந்துபோனார். ஜன்னலுக்கு வெளியே தெரு மொத்தமும் ஒரே குரலில் "அய்யய்யோ" என்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. (மஞ்சள் ஓட்டை நெட்டை வாங்குவதற்கல்ல, கொடுப்பதற்காம். எல்லா வீட்டுக்கும் ஒரே லைன் என்பதால், என் டப்பா தெரு முழுவதற்கும் 'இனி எல்லாம் நான்தான்' என்று அறிவித்திருக்கிறது. கொடுக்க அதனிடம் ஒன்றுமே இல்லை.) வயரைப் பிடுங்கினேன். "வந்துச்சு!" என்றது தெரு. ஜன்னலோரம் வயரும் கையுமாக நின்ற என்னைப் பாஷா அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

"யோவ், இவன் வூட்லேந்துதான்யா!"

நல்லவேளை, மாமா மறுபடி கூப்பிட்டார். கப்பல் கிளம்பும் வரை பாப்பாவைக் கண் நிறையப் பார்த்தார். அதுவரை நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன்.

பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. எந்தத் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டாலும் மாமாவின் முதல் கேள்வி, "மச்சான் எங்க கீறான்?" என்பதுதான். பாப்பா ஓடி வந்து என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

"புட்ச்சினுகீறேன் நைனா. நீ பேசு."