ஆறு பத்து பாய்

சொன்ன நாளில், சொன்ன நிமிஷத்தில் துணி தைத்துக் கொடுத்த தையல்காரர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் தருமபுரியில் இருந்தார். எந்த ஊரிலும் எந்த நேரத்துக்கும் போய்ச் சேராத நான் அவரிடம்தான் போய் மாட்டிக்கொண்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கடைப்பலகையிலும் 'டெய்லர்' என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. ஆனால் ஆறு பத்து பாய் கடை எங்கே என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் யார் வேண்டுமானாலும் கை காட்டுவார்கள். முழு மணியாக அவர் யாருக்கும் நேரம் சொன்னது கிடையாது. நாலு இருபது, ஏழு அஞ்சு, ஆறு பத்து என்றுதான் சொல்வார். கேட்டால் அதற்கு ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார்.

"ஆறு மணிக்கு வாங்கன்னு சொன்னா, ஏழு அடிக்கிற வரைக்கும் அது ஆறு மணிதாங்க. ஆறு பத்துன்னு சொல்லிப் பாருங்க, வூட்டை வுட்டுக் கெளம்பறப்பவே கடிகாரத்தப் பாப்பான். எப்பவாச்சும் வாங்கன்னு சொன்னா அவன் வரவே மாட்டான்."

சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் ஆணி. சனிக்கிழமை கொடுக்க வேண்டிய துணி வெள்ளிக்கிழமை ஆணிக்குத் தவறிப் போனால்கூட பாய்க்கு முகம் கறுத்துவிடும். அரசியல் பேசுவதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தார், மாலை நாலு இருபது முதல் நாலு முப்பத்தைந்து வரை. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஒருவர் வந்து, எங்கேயோ மந்திரிசபை கவிழ்ந்துவிட்டது என்று மூச்சிரைக்கச் சொன்னார். பாய் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"நாலு இருவதுக்கு வாங்க. அதுக்குள்ள எந்திரிச்சுடப் போறதில்ல."

சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்த புதிதில் நான் அங்கே ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு எழுத்தராக வந்தவன். வயது இருபத்தாறு. என்னிடம் நல்ல கைக்கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. சொந்தக்காரர்கள் எனக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே முகூர்த்தம் சொல்வார்கள். அது எனக்குத் தெரிந்துபோனதால் நானும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் இரண்டு மணி நேரம் குறைத்துச் சொன்னார்கள். இப்படியே இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் போட்டு, என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு நான் போனபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழற்றிய மூங்கிலைத் தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பொம்மிடியில் பெண் பார்த்தார்கள். பையன் பேண்ட் போடுகிற உத்தியோகம் என்று தரகர் அங்கே அடித்துச் சொல்லியிருந்தார். என்னிடம் இருந்த ஒரே பேண்டில் மைக்கூடு கவிழ்ந்து, தொடையில் ஒரு நீல ஏரி. அதனால் டெரிலின் துணி எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பத்து," என்றார். "நீங்க ஸ்டூல் மேல ஏறி நின்னு, நான் அளவு பாத்துத்தான் கால் மடிச்சு அடிப்பேன். உங்களுக்கு இருவது நிமிஷம். வுட்டா அடுத்த ஆளு வந்துடுவாரு."

தையல்காரர் சனிக்கிழமை என்றால் அது செவ்வாய்க்கிழமை என்பது நம்மூர்ச் சட்டம். இருந்தாலும் போய் அவசரப்படுத்தி வைக்கலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன். வழியில் ஒரு லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தொப்பூர் கணவாய் ஏறி வந்த லாரி. நின்றேன். கடைசி நட்டு முறுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, ஏதோ நானே மாற்றியதுபோல் கையைத் தட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது மணி ஆறு முப்பத்தைந்து. ஸ்டூலின்மேல் வேறொருவர் நின்றிருந்தார்.

"உங்க நேரம் போச்சுங்க சார். புதன்கிழமை காலைல எட்டு நாப்பது."

"பாய், நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறேன்!"

"நல்ல விஷயமுங்க. அதுக்காவது நேரத்துக்குப் போங்க."

"மடிக்காமயே குடுத்துடுங்க பாய்."

"அரைகுறையா கடைய வுட்டுத் துணி போனதில்லீங்க."

என் அறையில் என்னோடு தங்கியிருந்தவர் ஒரு டிரில் மாஸ்டர். என்னைப்போல் இரண்டு பேரை உள்ளே வைத்துத் தைக்கலாம், அப்படி உடம்பு. அவருடைய பேண்டை வாங்கி மாட்டினேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டும் அது நிற்கவில்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டு உள்ளிருந்து பிடித்துக்கொண்டால் மட்டும் நின்றது. சொல்ல வேண்டியதில்லை, காலை பஸ்ஸையும் விட்டேன். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன மாப்பிள்ளையான நான் பன்னிரண்டரைக்கு, பாக்கெட்டில் கைவிட்டபடி பொம்மிடியில் போய் இறங்கினேன்.

பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்று இரண்டு கையையும் கூப்பினார். நான் ஒரு கையைத் தூக்கினேன். அவருடைய அண்ணன் கும்பிட்டார். அவருக்கும் ஒரு கை. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தடியூன்றி எழுந்து வந்து கும்பிட்டார். ஊர்வலம் போகிற தலைவரைப்போல அவருக்கும் ஒற்றைக் கையை ஆட்டினேன். வேறு வழியில்லை, இன்னொரு கையில் என் மானம் இருந்தது.

"பையனுக்கு உத்தியோகத் திமிரு போலருக்குது," என்று உள்ளே யாரோ சொன்னது காதில் விழுந்தது. காபி கொண்டுவந்த பெண், சரோஜா, என் முகத்தைப் பார்த்தாள், பாக்கெட்டைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. இந்தச் சம்பந்தம் போய்விட்டது என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று.

பத்து நாள் கழித்துத் தரகர் வந்தார்.

"உம்ம யோகம்யா! 'அவருக்குத் திமிரு இல்லப்பா, பேண்ட்டு லூசு'ன்னு அந்தப் பொண்ணே சொல்லிப்புடுச்சாம். ஆனா அவங்கப்பா ஒண்ணு சொல்லிட்டாரு. தை மாசம் நிச்சயதார்த்தம். பையன் நேரத்துக்கு வரணும், ரெண்டு கையாலயும் கும்பிடணும். தப்பினா அந்தப் பந்தல்லயே வேற மாப்பிள்ளை பாத்துக்குவாராம்."

நான் நேராகப் பாய் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். பொம்மிடியில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மெஷின் நின்றது. அரசியல் நேரம் தவிர வேறெந்த நேரத்திலும் அது பேச்சுக்காக நின்று நான் பார்த்ததில்லை.

"பெரியவரையுமா ஒத்தக் கையால கும்பிட்டீங்க?"

"ஆமா பாய்."

மெஷினில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "போய்ச் சேர்ற நேரத்த எழுதி வெக்காதீங்க சார். கெளம்பற நேரத்த எழுதி வெயுங்க," என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

அன்றே திருந்துவது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் சிவப்பு, நீலப் பென்சில்களால் கால அட்டவணை போட்டேன். அட்டவணை போட்டதில் அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் தவறிவிட்டது. இரண்டாம் நாள் அட்டவணையையே காணோம். டிரில் மாஸ்டர் அதில் வேர்க்கடலை மடித்துக்கொண்டு வந்தார்.

பாயின் கடைதான் எனக்குப் பரீட்சைக்கூடம். பொத்தான், காலர், பாக்கெட் கிழிசல் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போவேன். அவர் ஒரு நேரம் சொல்வார். நான் போய்ச் சேரும்போது ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பிந்தியிருக்கும். பாய் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வார். ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காத சலுகை. என் விடாமுயற்சியைக் கண்டு அவருக்கு என்மேல் மரியாதை பிறந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அலுவலகத்தில் எல்லாருக்கும் நேரம் தவறாமை பற்றி உபதேசம் செய்ய ஆரம்பித்தேன். என்னைக் கண்டால் ஆட்கள் கோப்புகளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

நிச்சயதார்த்தத்துக்குப் புதுப் பேண்ட், சட்டை. முந்தின நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து நாற்பதுக்கு வரச் சொன்னார் பாய். அன்று அலுவலகத்தில் கிளம்பும்போது பியூன் சின்னசாமி அகப்பட்டார். காலையில் அவர் கால்மணி நேரம் தாமதம். ஆகவே அவரை நிறுத்தி, நேரத்தின் அருமையை விளக்கினேன். உதாரணங்களோடு விளக்கினேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், மணி ஆறாகப் போகுதுங்க. நான் கதவச் சாத்தணும்."

ஓடினேன். கடைத்தெருவில் இரண்டு சைக்கிள்மேல் மோதினேன். கண்ணில் சரோஜாவின் முகம், காதில் அவள் அப்பாவின் சபதம். கடை வாசலில் போய் நின்றபோது சுவர்க் கடிகாரம் ஆறு எட்டு காட்டியது. ஸ்டூல் காலியாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது.

"ரெண்டு நிமிஷம் இருக்குது. தண்ணி குடிங்க," என்றார் பாய்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தேன். ஸ்டூல்மேல் ஏறி நின்றேன். பாய் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கீழே குனிந்து என் கால் மடிப்பை அளந்தார். மேலே நின்ற எனக்கு மேஜைமேல் திறந்து கிடந்த அவருடைய ஆர்டர் நோட்டு நன்றாகத் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அதற்கு நேராக ஆறு பத்து என்று எழுதியிருந்தது.

கையை நீட்டிப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பொத்தான் தைக்கப் போன நாள், காலர் மாற்றப் போன நாள், எல்லாவற்றிலும் எனக்குச் சொன்ன நேரத்துக்கு அரை மணி பின்னால்தான் என் பெயர் இருந்தது.

"பாய், என்னது இது?"

"ஆடாதீங்க, ஊசி குத்தும்."

"எனக்கு மட்டும் நேரத்த மாத்திச் சொல்லியிருக்கீங்க!"

ஊசிகளை ஒவ்வொன்றாகத் துணியில் குத்தி முடித்தபிறகுதான் நிமிர்ந்தார்.

"தொழில்ல நான் நேரத்தப் பொய்யா சொன்னதில்லீங்க. உங்க ஒருத்தருக்குத்தான் சொன்னேன். அந்தப் பெரியவர ஒத்தக் கையால கும்பிட்டதுல பாதிப் பங்கு என்னுதுங்க, சார்."

எனக்கு ஒரே அவமானம். திருந்திவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்த நான் ஒரு நிமிஷம்கூடத் திருந்தவில்லை. முகத்தை மறைக்க, கால் மடிப்பு சரியாக இருக்கிறதா என்று குனிந்து வெகுநேரம் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது பாய் அங்கே நின்றிருந்தார். என்னை பஸ்ஸில் ஏற்றி, பஸ் நகரும்வரை நின்றுவிட்டுக் கடை திறக்கப் போனார். பொம்மிடியில் நான் கண்ணில் பட்டவர்களையெல்லாம் இரண்டு கையாலும் கும்பிட்டேன். பந்தல்காரரைக்கூட விடவில்லை. பேண்ட் இருந்த இடத்தில் இருந்தது.

சரோஜாவிடம் இந்தக் கதையைச் சொன்னது என் தப்பு. அன்றிலிருந்து அவளும் எனக்கு எல்லா நேரத்தையும் அரை மணி குறைத்தே சொல்கிறாள். எங்கள் வீட்டில் அதற்கு 'பாய் நேரம்' என்று பெயர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன், வேண்டுமென்றே நாலு இருபதுக்கு. அன்று நாங்கள் அரசியல் பேசவில்லை. கிளம்பும்போது சும்மா கேட்டு வைத்தேன்.

"திரும்பி எப்ப வரட்டும் பாய்?"

வழக்கம்போல நோட்டைத் திறந்தார். பென்சிலை எடுத்தார். சற்று நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதுவும் எழுதாமல் மூடினார்.

"எப்ப வேணும்னாலும் வாங்க, சார்."

ஆயுசில் அவர் யாருக்கும் கொடுக்காத நேரம் அது. ஒரு ஆறு பத்து என்று சொல்லியிருந்தால், ஆறு நாற்பதுக்காவது போயிருப்பேன். இன்னும் போகவில்லை.