எதிரி வரும்வரை ஒலிக்காத மணி

கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று எவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாத ஓரிடத்தில் பனிக்கரை என்றொரு நாடு இருந்தது. அதை முழுதாகக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. ஆனாலும் அங்கே ஓர் அரசாங்கம் இருந்தது. ஆகவே நாடும் இருந்திருக்கத்தான் வேண்டும்.

வருடத்தில் பாதி நாள் அந்த நாட்டைப் பனி மூடிக்கொள்ளும். காலை பத்து மணிக்குப் பசுவும் புதரும் ஒன்றுபோல நிற்கும். பேசிக்கொண்டே நடக்கும் இருவரில் ஒருவர் மெல்லக் கரைந்துபோவார்; மற்றவர் பேச்சை நிறுத்தமாட்டார். அப்படிப்பட்ட பனியில் கடலுக்குப் போன படகுகள் ஒன்றை நம்பித்தான் கரை சேர்ந்தன. அது துறைமுகக் கோபுரத்து மணி. மூன்று அடி, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று அடி. அடிப்பவள் அஞ்சம்மை. அவள் கணவன் படவேட்டான்தான் ஏழு படகுக்கும் தலைவன்.

"எம் பொண்டாட்டி கூப்பிட்டா எட்டு ஊருக்குக் கேக்கும்" என்பான் அவன்.

"வீட்டுல கூப்பிட்டா மட்டும் இவருக்குக் கேக்காது" என்பாள் அவள்.

ஒரு நாள் தலைநகரிலிருந்து அறிவிப்பு வந்தது. போர் வரக்கூடும்; வராமலும் போகக்கூடும்; எதுவானாலும் மக்கள் ஒழுங்காக வரிசையில் நின்று பதறவேண்டும். யாரோடு போர் என்ற இடத்தில் புள்ளிகள் மட்டும் இருந்தன. பெயர் முடிவானதும் அவரவரே நிரப்பிக்கொள்ளலாம் என்றது அடிக்குறிப்பு.

உடனே ஆயத்தத் துறை பிறந்தது. பதினோரு ஆண்டுகள் மீன்வள அமைச்சராக இருந்த மாண்புமிகு சர்வசிந்தாமணி அதற்கு அமைச்சரானார். செயலாளராக வந்தவர் திருவேங்கடநாதர். ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து தொடாதவர். இருவரும் துறைமுகத்துக்கு மேலேயிருந்த குன்றில் அலுவலகம் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு அத்தியாயங்களில் 'ஆயத்த நூல்' எழுதத் தொடங்கினார்கள். பதினோரு அத்தியாயங்கள் மற்றத் துறைகளின் கருத்துக்காகப் போய், இன்னும் திரும்பவில்லை. பன்னிரண்டாவதை மட்டும் எந்தத் துறையும் தன்னுடையது என்று கேட்கவில்லை. அதனால் அது முழுமையாக எழுதி முடிக்கப்பட்டு, அழகாக அச்சாகி, திங்கள்தோறும் ஒத்திகையும் பார்க்கப்பட்டது. அதன் தலைப்பு: 'சரணடையும் முறை'.

பிறகு ஆணைகள் வந்தன. வீட்டுக்கு ஒரு பதுங்குகுழி தோண்டவேண்டும், வாசலிலேயே. கடலோர மண் என்பதால் இரண்டடியில் தண்ணீர் ஊறியது. பார்வையிட வந்த அதிகாரிகள் 'நீர் வசதியுள்ள குழி' என்று எழுதிக்கொண்டு போனார்கள். பனியில் குழி தெரியாமல் காலை விட்டுப் பதினேழு பேருக்கு எலும்பு முறிந்தது. எதிரி இல்லாமலேயே இவ்வளவு என்றால் எதிரி வந்தால் எவ்வளவு என்று அமைச்சர் கேட்டபோது, சபையே மேசையைத் தட்டியது.

அடுத்து, எதிரிக்கு வழி தெரியக்கூடாது என்று ஊர்ப்பெயர்ப் பலகை, தெருப்பெயர்ப் பலகை, வீட்டு எண் எல்லாம் பிடுங்கப்பட்டன. பனியும் சேர்ந்துகொள்ள, மக்கள் கனவில் நடப்பதுபோல நடந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் நான்கு நாள் வேறொரு வீட்டில் குடியிருந்தார். ஐந்தாம் நாள் குழம்பில் உப்பு சரியாக இருந்ததைக் கண்டு சந்தேகப்பட்டுத் திரும்பிவிட்டார். பிறகு நச்சுப்புகைக்கு முகமூடி. அதிகாரிகளுக்கு முகமூடியும் மக்களுக்கு முகமூடியின் படமும் வழங்கப்பட்டன. முகமூடியின் கண்ணாடியில் மூச்சுப் பட்டு வெள்ளை படரும். பனிக்குள் இன்னொரு பனி.

இதையெல்லாம் அஞ்சம்மை பொறுத்துக்கொண்டாள். நான்காவது ஆணைதான் அவள் தலையில் விழுந்தது. இனிமேல் நாட்டில் எந்த மணியும் எதிரி வந்தால் மட்டுமே ஒலிக்கும். மற்ற நேரத்தில் அடிப்பவர் எதிரியின் கையாளாகக் கருதப்படுவார். ஊழியர்கள் வந்து மணி நாக்கைச் சாக்குத்துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, காவலுக்கு ஓர் ஆளையும் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

முதல் பனியிலேயே ஒரு படகு நண்டுப்பாறையில் மோதிப் பிளந்தது. இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். மூன்றாமவன் செவத்தான், திருமணமாகி ஐந்து மாதம். அவன் வரவில்லை. மீதி ஆறு படகும் கரையிலேயே கிடந்தன. அஞ்சம்மை மனு எழுதினாள். ஆயத்தத் துறையின் பதில் வந்தது: 'மேற்படி இழப்பு போருக்கு முன்பே நிகழ்ந்துவிட்டபடியால், போர்க்கால இழப்பாகக் கருத வழியில்லை.'

பதினான்காவது மனுவை அவளே குன்றேறிக் கொண்டுபோனாள்.

"ஐயா, பனி எறங்கிட்டா கடல்ல கண்ணு தெரியாதுங்க. மணி ஒண்ணுதாங்க வழி."

"அந்த வழியில் எதிரியும் வரலாம் அல்லவா, அம்மா?" என்றார் திருவேங்கடநாதர்.

"எதிரி யாருங்க?"

"அது ரகசியம்."

"உங்களுக்காவது தெரியுமாங்க?"

"ரகசியம் என்றால் எல்லோருக்கும் பொதுதான்."

அஞ்சம்மை மனுவை மேசைமேல் வைத்தாள். "சரிங்க. எதிரி வந்தா அடிக்கலாம்னு போட்டிருக்கே. வந்திருக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

செயலாளருக்கு முகம் மலர்ந்தது. விதியைப் பற்றி ஒருவர் கேட்பது அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பதுபோல. "கடலில் அடையாளம் தெரியாத படகுகள் இருந்தால் அது எதிரி. மூன்றாம் விதி, இரண்டாம் பிரிவு. எழுத்துமூலம் காவலரிடம் தெரிவித்துவிட்டு மணியை ஒலிக்கலாம்."

"பனியில எல்லாப் படகும் அடையாளம் தெரியாத படகுதானேங்க?"

"அதை விதி வகுத்தவர்கள் யோசித்திருப்பார்கள், அம்மா" என்றார் விதியை வகுத்தவர்.

ஐந்து வாரம் அடுப்பு சரியாக எரியவில்லை. ஒரு நாள் விடிகாலை வானம் பளிச்சென்று இருந்தது. படவேட்டான் துடுப்பைத் தோளில் போட்டான்.

"வேணாம்ய்யா. பனி எறங்கினா?"

"எறங்காது."

"எறங்கினா?"

"செவத்தான் பொண்டாட்டி வீட்டுல மூணு நாளா கஞ்சிகூட இல்ல. நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்று அவன் விளக்கவில்லை. ஆறு படகும் போயின.

பத்து மணிக்குப் பனி இறங்கியது. சத்தமில்லாமல், ஒரு பெரிய வெள்ளைப் பசு வந்து படுத்துக்கொள்வதுபோல. கடல் போயிற்று. பாறை போயிற்று. அஞ்சம்மைக்குத் தன் கையே கொஞ்சம் தள்ளி யாருடையதோபோலத் தெரிந்தது. தூரத்தில் எங்கோ ஒரு குரல் கேட்டது. எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை.

அவள் வீட்டுக்குள் போய் ஒரு தாளில் எழுதினாள்: 'கடல்ல ஆறு படகு இருக்கு. அடையாளம் தெரியல.' கோபுரத்தடிக் காவலனிடம் கொடுத்தாள்.

அவன் படித்துப் பார்த்தான். "ஏங்க்கா, இது நம்ம ஆளுங்கதானே?"

"உனக்குத் தெரியுதா?"

அவன் கடல் இருந்த பக்கம் பார்த்தான். "ஒண்ணும் தெரியலக்கா."

"அப்ப வழிவிடு."

அரக்கு உடைந்தது. சாக்குத்துணி விழுந்தது. மூன்று அடி, ஒரு மூச்சு, மூன்று அடி. ஐந்து வாரமாக அடக்கிவைத்த ஒலி பனிக்குள் வட்டம் வட்டமாகப் போயிற்று.

குன்றின்மேல் மணி கேட்டபோது அமைச்சர் ஓர் அறிக்கையில் தம் பெயருக்கு முன்னால் இன்னொரு அடைமொழி சேர்த்துக்கொண்டிருந்தார். "எந்த அத்தியாயம்?" என்று அலறினார்.

"நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது, ஐயா" என்றார் செயலாளர்.

பத்து நிமிடத்தில் எல்லோரும் முகமூடியோடும் வெள்ளைத் துணியோடும் அச்சிட்ட ஒப்பந்தத்தோடும் துறைமுகத்தில் வரிசையாக நின்றார்கள். ஒத்திகை வீண்போகவில்லை. பனி அசைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு படகுகள் கனவிலிருந்து வெளிவருவதுபோல வந்தன. ஈரச் சாக்கைப் போர்த்திய, எலும்பு தெரியும், கண் சிவந்த மனிதர்கள் இறங்கினார்கள். பதினோரு ஆண்டு மீன்வளத்தை ஆண்ட அமைச்சர் மீனவரை அவ்வளவு அருகில் பார்த்ததே இல்லை. எதிரி இப்படித்தான் இருப்பான் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது: பசியாக, கோபமாக, ஏராளமாக.

"மேன்மைமிகு எதிரிகளே!" என்றார், முகமூடிக்குள்ளிருந்து. "நிபந்தனைகளைக் கூறுங்கள்!"

"யாருய்யா இது, மூஞ்சியில பைய மாட்டிக்கிட்டு?" என்றான் படவேட்டான்.

"அந்நிய மொழி" என்று குறித்துக்கொண்டார் செயலாளர். பிறகு குனிந்து, "தங்களுக்கு என்ன வேண்டும்? கேட்டதைக் கொடுப்பது எங்கள் பன்னிரண்டாம் அத்தியாயம்" என்றார்.

படவேட்டான் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் அவனைப் பார்த்தார்கள்.

"மணி தினம் அடிக்கணும்" என்றான் மெதுவாக.

"சம்மதம்."

"வாசல் குழியெல்லாம் மூடணும்."

"சம்மதம்."

"பிடுங்கின பலகைய நட்டுருங்க." பின்னால் யாரோ முழங்கையால் இடித்தார்கள். "ஆங், செவத்தான் பொண்டாட்டிக்கு மாசாமாசம் அரிசி."

"சம்மதம், சம்மதம்" என்று அமைச்சர் கையெழுத்திட்டார். அவர் ஆட்சியில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை.

அஞ்சம்மை கோபுரத்திலிருந்து இறங்கி வந்தாள். கயிறு அறுத்து இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தது. படகுகளை எண்ணினாள். ஆறு. கணவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவதற்கு நிறைய இருந்தது, அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டாள். செயலாளரிடம் திரும்பினாள்.

"ஐயா, இதையேதானே நான் பதினாலு மனுவா எழுதிக் குடுத்தேன்?"

அந்தக் குரல் எங்கோ கேட்ட குரல். திருவேங்கடநாதர் முகமூடியைக் கழற்றினார். பனி கொஞ்சம் விலகியிருந்தது. படகில் கெளுத்தி மீன் துள்ளியது.

"அது குடிமக்கள் கொடுத்த மனு, அம்மா" என்றார் பரிவோடு. "இது எதிரி கேட்டது." பிறகுதான் அவருக்குச் சுரீரென்றது. அமைச்சரின் காதில் போய், "ஐயா, இவர்கள் நம்மவர்கள்" என்றார்.

அன்று மாலை அமைச்சரவை கூடியது. வந்தவர்கள் எதிரிகள் அல்ல என்று ஒப்புக்கொண்டால், அரசாங்கம் தன் மக்களிடமே சரணடைந்தது என்றாகிவிடும். அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆகவே ஆறு படகுக்காரர்களும் எதிரிகளே என்று ஒருமனதாக முடிவாயிற்று. அறிவிப்பிலிருந்த புள்ளிகளின்மேல் அவர்கள் பெயரை நிரப்பினார்கள். அன்றுமுதல் அவர்களுக்கு அரிசி தவறாமல் வந்தது, கடிதங்களுக்கு அன்றன்றே பதில் வந்தது, அதிகாரிகள் எழுந்து நின்று பேசினார்கள்.

இது பத்து நாளில் உள்நாடு முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த பனிக்காலத்தில் ஒரு காலை, அஞ்சம்மை கோபுரத்தின்மேல் நின்றிருந்தாள். மேற்கு மேட்டிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. கிணறு கேட்டு ஒன்பது வருடமாக மனு எழுதும் கல்லுப்பட்டிக்காரர்கள். கடலையே பார்த்திராதவர்கள். ஒரு பழைய படகைப் பத்துப் பேர் தோளில் சுமந்திருந்தார்கள். மற்றவர்கள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, நடந்தபடியே முகத்தைக் கடுமையாக வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்று கீழிருந்து ஒருவர் கூச்சத்தோடு கேட்டார், "கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வந்தாப் போதுமாமே?"

"போதும்" என்றாள் அஞ்சம்மை. "பாறைக்கு இந்தாண்டையே திரும்பிடுங்க."

பனி அவர்களை ஒவ்வொருவராக மூடியது. அவள் மணிக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.