தகிட என்றால் மூடு

"வால்வை யாருய்யா மூடச் சொன்னது?"

"நீங்கதான் சார்," என்றான் வால்வு ஆபரேட்டர் பக்கிரி. கொஞ்சமும் பயப்படாமல் சொன்னான். "மூணு தட்டு தட்டுனீங்க. மூடிட்டேன்."

திருநாவுக்கரசு தன் வலது கையைப் பார்த்தார். அது அப்போதும் பக்கத்துக் குழாயின் மேல் 'தகிட, தகிட' என்று தட்டிக்கொண்டிருந்தது.

செம்மங்குப்பத்தில் ஒரு சாயக் கம்பெனிக்கு அவர் புரொடக்‌ஷன் மேனேஜர். உள்ளே மோட்டார்கள் போடும் இரைச்சலில் பெற்ற தாய் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதனால் ஆட்கள் குழாயைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டினால் திற. மூன்று தட்டினால் மூடு. நான்கு என்றால் தொட்டியைக் காலி செய். ஐந்து என்றால் போட்டது போட்டபடி வெளியே ஓடு. இருபது வருஷமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை. பிசகு சிதம்பரத்திலிருந்து வந்தது.

போன மாதம் அங்கே ஒரு ஓட்டலில் 'நெருக்கடியில் தலைவன்' என்று இரண்டு நாள் பயிற்சி. கம்பெனி அவரை அனுப்பி வைத்தது. டை கட்டிய பயிற்சியாளர், "நேத்து நடந்தது, நாளைக்கு நடக்கப் போறது ரெண்டும் தலைவன் மனசுல இருக்கக் கூடாது. இந்தக் கணத்துல இருக்கணும். அதுக்கு ஏதாவது ஒரு கலையப் புடிச்சிக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இசைவாணி கேட்டாள். அந்த வீட்டில் அதுவரை சங்கீதம் என்று இருந்தது அவள் பெயர் ஒன்றுதான்.

"கம்பெனில உங்கள மட்டுமா அனுப்புனாங்க?"

"என்னை மட்டும்தான். ஜி.எம். சீட்டு காலியா இருக்குதுல்ல? புரிஞ்சிக்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அவர்கள் குடியிருந்த முதுநகர் முழுக்கப் புரிந்துவிட்டது.

அவர் பிடித்துக்கொண்ட கலை மிருதங்கம். கற்றுத்தரச் சிதம்பரத்திலேயே ஆள் இருந்தார். அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் மேனேஜராக இருந்த ராபர்ட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பயிற்சிக்குப் போனவர். இப்போது கீழ வீதியில் ஒரு மாடியறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்.

"கலைக்காக வேலையையே உதறிட்டியே மச்சான்!" என்று திருநாவுக்கரசு உருகினார். ராபர்ட் தலை நிமிராமல் மிருதங்கத்துக்கு ரவை பூசிக்கொண்டிருந்தார்.

அப்படிக் கற்ற முதல் பாடம்தான் இந்தத் தகிட. வெள்ளிக்கிழமை நீலச் சாயம் கப்பல் ஏற வேண்டும். அதைப் பார்வையிட முதலாளியே நேரில் வருகிறார். ஜி.எம். நாற்காலி அந்தச் சாயத்தில்தான் மிதந்துகொண்டிருந்தது. இப்போது வால்வு மூடிக் கிடந்ததில் பாதிச் சரக்கு குழாய்க்குள்ளேயே களி மாதிரி இறுகிவிட்டது.

உடனே ராபர்ட்டுக்குப் போன் செய்தார்.

"மூணு ஒத்துவராது மச்சான். மூணு படபடப்பு. நாலுக்குப் போ. தகதிமி. மனசு நிதானத்துக்கு வந்துரும்."

இந்த முறை அவர் குழாய்ப் பக்கமே போகவில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரும்பு மேசையில் தகதிமி வாசித்தார். அரை மணி நேரம். கப்பல் மறந்தது, முதலாளி மறந்தார், அப்படி ஒரு நிம்மதி. முகம் மலர்ந்து வெளியே வந்தால் எதிரில் பக்கிரி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"காலி பண்ணிட்டேன் சார்."

"எதை?"

"நல்லா இருந்த மீதிப் பாதிய."

"ஏன்யா?"

"நாலு தட்டு தட்டுனீங்களே! அதுவும் அரை மணி நேரமா. ரொம்ப அவசரம் போலன்னு பக்கத்துத் தொட்டியயும் சேத்துத் தொறந்து வுட்டுட்டேன்."

திருநாவுக்கரசு குனிந்து பார்த்தார். மேசையின் ஒரு கால் ஆட்டம் கொடுக்கிறதென்று அதைச் சுவரோரக் குழாயோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தது. கட்டச் சொன்னவரும் அவரேதான். சனியனைத் தூக்கிப் பனியனுக்குள் விட்டுக்கொண்ட கதை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். தொட்டிகள் கழுவி வைத்த சோற்றுப்பானை போல இருந்தன.

"சரக்கு எங்க, திருநாவுக்கரசு?"

திருநாவுக்கரசு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இனி எந்த இரும்பையும் தொடுவதில்லை என்று காலையில்தான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். ஆனால் முதலாளி ஒரு அடி முன்னால் வர, இவர் ஒரு அடி பின்னால் போனார். பின்னால் குழாய். விரல்களில் மோதிரம். முந்தின நாள்தான் ராபர்ட் ஐந்து தட்டு நடை சொல்லிக்கொடுத்திருந்தார்.

தகதகிட.

பக்கிரி முதலில் ஓடினான். அவனைப் பார்த்து எண்பது பேர் ஓடினார்கள். ஏன் என்று தெரியாமல் முதலாளியும் ஓடினார். கேட்டைத் தாண்டும்போது அவர் காலில் ஒரு ஷூதான் இருந்தது. அந்த ஒற்றை ஷூவோடு காரில் ஏறினார். கார் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

திருநாவுக்கரசு கேட் ஓரம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ உழைப்பு. இனி முதுநகரில் எந்த முகத்தோடு நடப்பது, இசைவாணியிடம் என்னவென்று சொல்வது? விரல்கள் முதன்முறையாகச் சும்மா கிடந்தன.

வாட்ச்மேன் சின்னையன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன மிருதங்கத்தால சின்னையா. அதத் தொடாம இருந்திருந்தா நான் இன்னிக்கு ஜி.எம்."

சின்னையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா சார் வெவரம் புரியாம பேசுறீங்க? வூட்டுக்கு அனுப்பப் போறவங்களத்தான் சார் இவுங்க அந்த டிரெயினிங்குக்கே அனுப்புவாங்க. நாளைக்கு சும்மா குந்தினு இருந்தா பொழுது போவணும்ல?"