மூடி சாரின் புது முகம்

“ஆள் தெரியவில்லை. மீண்டும் முயற்சி செய்க” என்றது வாசலில் இருந்த வருகைப் பதிவு இயந்திரம்.

மூடி சார் கண்ணாடியைக் கழற்றினார். ஓர் அடி முன்னால் வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதைப் போல நின்றார். இயந்திரம் கொஞ்ச நேரம் யோசித்தது. இவ்வளவு யோசிக்கிறதே, மரியாதை தெரிந்த இயந்திரம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோதே சிவப்பு விளக்கைப் போட்டு மறுபடியும் “ஆள் தெரியவில்லை” என்றது.

பின்னால் நின்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, முகத்தைக் காட்டி, பச்சை விளக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். புது வருஷத்தின் முதல் வேலை நாள். எல்லார் முகத்திலும் தண்ணீர் நிறையக் குடிப்பேன், தினமும் நடப்பேன், கோபப்பட மாட்டேன் என்கிற தீர்மானம் இன்னும் காயாமல் இருந்தது.

“தலைய லேசா சாச்சுப் பாருங்க சார்” என்றார் காவலாளி.

“சாச்சாச்சு.”

“கொஞ்சம் சிரிச்சுப் பாருங்க.”

“இந்தக் கம்பெனிக்குள்ள நான் என்னிக்குய்யா சிரிச்சுக்கிட்டே வந்திருக்கேன்? சிரிச்சா சுத்தமாவே அடையாளம் தெரியாது.”

காவலாளி மேசை இழுப்பறையைத் திறந்து ‘பார்வையாளர்’ என்று எழுதிய அட்டையை எடுத்தார். “இன்னிக்கு ஒருநாள் இதைப் போட்டுக்குங்க சார்” என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தக் கட்டடத்துக்கு முதல் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்த மனிதர், பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அது முகக்கிரீம் டப்பாக்களுக்கு மூடி செய்யும் கம்பெனி. செய்த மூடிகளைச் சேர்த்து வைக்கும் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. அதனால் மூடி சார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கும் மாமியாருக்கும் மட்டுமே தெரியும். ஊர் உலகத்தின் கிரீம் டப்பாக்களையெல்லாம் மூடிய அந்த மனிதர், மூடிக்கு அடியில் இருக்கும் சமாசாரத்தை விரலால்கூடத் தொட்டதில்லை. அந்த விரதம் விடுமுறையில்தான் கலைந்தது.

கலைத்தது மேனேஜர். வருஷக் கடைசியில் ஸ்டோர் பக்கம் வந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும். இப்ப வேணாம், லீவு சந்தோஷமா போகட்டும். புது வருஷத்துல பேசிக்கலாம். அதுக்குள்ள ஸ்டோர் வேலையெல்லாம் இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துடுங்க” என்று பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இதுகூடவா உங்களுக்குப் புரியல? உங்களை ஸ்டோர்ஸ் மேனேஜர் ஆக்கப் போறாங்க. மேனேஜருக்குக் கீழ ஒரு ஆள் வேணும்ல? அதுக்குத்தான் அந்தப் பொண்ணு!”

“அவர் அப்படிச் சொல்லலையே?”

“நல்ல விஷயத்தை யாரு உடனே சொல்றாங்க? கெட்டதுன்னா அப்பவே மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லியிருப்பாங்க.”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இருபது வருஷமாக அவர் காத்திருந்த ஓட்டையில்லாத ஒரே வாக்கியம் அதுதான். மாலைக்குள் மனைவி தன் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டாள். அண்ணன் எங்கேயோ பெரிய மேனேஜர். எந்த விசேஷத்தில் பார்த்தாலும், “என்ன மாப்ள, இன்னும் மூடியத்தான் எண்ணிக்கிட்டிருக்கீங்களா?” என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பவர். அந்த வாயை ஒருமுறையாவது மூடிப் பார்க்க வேண்டும் என்பது மூடி சாரின் வாழ்நாள் ஆசை.

புத்தாண்டுக்கு வீட்டில் எல்லாருக்கும் ஆரோக்கியத் திட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டிருந்த மகள், அப்பாவின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“மேனேஜர்னா ஒரு களை வேணாமாப்பா? கண்ணுக்குக் கீழ பை. கன்னம் பூரா மங்கு.”

வெயிலும் வயதும் சேர்ந்து கன்னத்தில் கறுப்பாகப் படரவிட்டிருந்த மங்கு அது. மகள் ஒரு சின்ன புட்டியைக் கையில் கொடுத்தாள். “இது மேல்தோலை மெதுவா உரிச்சு எடுத்துடும். துளியூண்டு போட்டா போதும். அதிகமா போட்டுடாதீங்க.”

மூடி சார் கணக்குப் போட்டார். மங்கு வர வருஷக்கணக்கு ஆனது. மேனேஜர் பதவி அடுத்த வாரம். துளியூண்டு எந்த மூலைக்கு? சுவருக்கு வெள்ளை அடிப்பதைப் போல அடித்தார்.

புது வருஷம் பிறந்தபோது மங்கு போயிருந்தது. கூடவே தோலும் போயிருந்தது. முகம் உரித்த பீட்ரூட்டாக மின்னியது.

“அய்யோ!” என்றாள் மகள்.

“சும்மா இருடி. பளபளன்னு மேனேஜர் மாதிரியே இருக்காரு” என்றாள் மனைவி.

அந்தப் பளபளப்பைத்தான் இயந்திரம் இப்போது தெரியாது என்கிறது.

அன்று மாலை வீட்டில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

“மெஷினுக்கு உங்க பழைய மூஞ்சிதான்பா தெரியும். மங்கோட சேர்த்துத்தான் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கும்” என்றாள் மகள்.

“அப்ப மங்கு வேணும், அவ்வளவுதானே?” என்று மனைவி கண்மையை எடுத்து வந்தாள்.

மறுநாள் காலை, பழைய போட்டோவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் கன்னத்தில் மங்கு வரைந்தார்கள். காசு கொடுத்து அழித்ததைக் கையால் எழுதிக்கொள்ளும் யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

“இடது கன்னத்துல இன்னும் பெருசு.”

“அது நிழல்மா.”

“தினமும் பார்க்கிற எனக்குத் தெரியாதா?”

வாசல் வரிசையில் வெயில் ஏறியது. அவருக்கு வேர்த்தது. இயந்திரத்தின் முன்னால் போய் நின்றபோது மங்கு கழுத்துவரைக்கும் இறங்கியிருந்தது. ஆள் தெரியவில்லை. இந்த முறை காவலாளிக்கே கொஞ்சம் சந்தேகம்தான். பார்வையாளர் அட்டையை நீட்டினார்.

ஸ்டோருக்குப் போவதற்குள் மேனேஜர் அறைக்கு அழைப்பு வந்தது. மூடி சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கடைசியில் வந்தேவிட்டது!

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் எதையோ விழுங்கினார்.

“என்ன சார் இது... அழுதீங்களா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“இல்ல சார்.”

“நிச்சயமா? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே?”

“இல்ல சார். நீங்கதான் சொல்லணும்.”

மேனேஜர் மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை முழுசாக அவர் பக்கம் தள்ளினார். “முதல்ல உடம்பப் பாத்துக்குங்க சார். அந்த விஷயம்... அப்புறம் பேசிக்கலாம்.”

மூடி சார் கறுத்த கைக்குட்டைகளோடு வெளியே வந்தார். எல்லாம் இந்த முகத்தால் வந்த வினை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் நடுவில் முகம் ஒன்று குறுக்கே நிற்கிறது.

வெந்த தோலில் மை பட்டதால் கன்னம் வீங்கியது. வீக்கத்துக்கு மருந்துக் கடையில் ஒரு களிம்பு தந்தார்கள். களிம்புக்கு உதடும் சேர்ந்து வீங்கியது. இயந்திரத்தை விடுங்கள், அடுத்த வீட்டு நாய்க்கே அடையாளம் தெரியவில்லை. தினமும் வாலாட்டியது, அன்று குரைத்துத் தீர்த்தது.

“உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணாங்கிற கதையாயிடுச்சே” என்று மூடி சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீக்கம் வடிந்ததும் அடுத்த யோசனையை அவரே கண்டுபிடித்தார். ஆரோக்கியத்தால் கெட்ட முகத்தை ஆரோக்கியக் கேட்டால்தான் திருத்த வேண்டும். மகள் கதவில் ஒட்டியிருந்த திட்டத்தை அப்படியே தலைகீழாக நடத்தத் தொடங்கினார். தண்ணீரைக் குறைத்தார். நடையை நிறுத்தினார். சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டார். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள, பிடிக்காத தொடர்களாகத் தேடிப் பார்த்தார். மனைவி காலையில் எழுந்ததும் ஜன்னலோரம் நிறுத்தி அவர் கண்ணை ஆராய்ந்தாள்.

“வந்துடுச்சுங்க! வலது கண்ணுக்குக் கீழ பை வந்துடுச்சு!”

பை வந்தது. அதோடு தலைச்சுற்றலும் வந்தது. ஸ்டோரில் பெட்டி ஒன்றைத் தூக்கியவர் பெட்டியோடு சரிந்தார். தரை முழுக்க மூடிகள் உருண்டன. பயிற்சிப் பெண் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அன்றைக்கு அனுப்ப வேண்டிய சரக்கையெல்லாம் ஒற்றை ஆளாக அனுப்பி முடித்தாள்.

மேனேஜர் வந்து பார்த்தார். “பரவாயில்லையே, சார் இல்லாமலே ஸ்டோர் ஓடுதே!” என்றார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த மூடி சாருக்குப் பெருமையாக இருந்தது. யார் கொடுத்த பயிற்சி? “நீ நல்லா வருவம்மா” என்றார். அந்தப் பெண் ஏனோ தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் மூடி சார் தன் அடையாள அட்டையை எடுத்து, அதிலிருந்த பழைய போட்டோவையே இயந்திரத்திடம் காட்டினார். மங்கு, பை, பழைய தோல், எல்லாம் குறைவில்லாமல் இருந்த அசல் முகம். அதையும் தெரியாது என்றுவிட்டது.

“போட்டோவ ஒத்துக்காது சார். உயிர் இருக்கணும்” என்றார் காவலாளி.

“எனக்குந்தான் இருக்கு. எங்க ஒத்துக்குது?”

காவலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று மூடி சார் மேனேஜரிடமே கேட்டார். “மெஷினைப் பார்க்க ஆள் வரச் சொல்லட்டுமா சார்?”

“வேணாம், வேணாம்!” மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “அதுல கை வைக்க வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்தால், மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். “உத்தரவு ரெடிண்ணா. நாளைக்கோ நாளை மறுநாளோ கைக்கு வந்துடும்... அவர்கிட்ட குடுக்கவா?” போனைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கெஞ்சல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அண்ணன் முன்னால் தலை நிமிர்ந்து பேசிய காலம் இது ஒன்றுதான். மூடி சாருக்கு அழுகையே வந்துவிட்டது. கண்மை இல்லாத அழுகை.

மேனேஜரைக் கேட்காமல் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியம் செய்தார். இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்து, மெக்கானிக்கை வரச் சொன்னார்.

மறுநாள் காலை மனைவி புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மூடி சார் போனபோது மெக்கானிக் பையைத் திறந்துகொண்டிருந்தான். காவலாளிக்கு முகம் வெளிறிப்போனது.

“சார், நீங்க உள்ள போய் உக்காருங்க. நான் பேசிக்கறேன். தம்பி, நீ அப்புறமா வாயேன்.”

“எதுக்கு அப்புறம்? இன்னிக்கு எனக்குப் பச்சை விளக்கு எரிஞ்சாகணும்” என்று மூடி சார் பார்வையாளர் அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “தம்பி, தப்பு என்னோடதுதான். கண்ட கிரீமையும் போட்டு மூஞ்சியக் கெடுத்துக்கிட்டேன். இப்பப் பாதி திரும்பி வந்துடுச்சு. மங்குதான் இன்னும் சரியா வரல. அதுவரைக்கும் இந்த மூஞ்சிய ஏத்துக்கற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?”

மெக்கானிக் பொத்தான்களைத் தட்டினான். திரையைப் பார்த்தான். அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் திரைக்குத் திரும்பினான். காவலாளி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் கவனிக்கவில்லை.

“உங்க மூஞ்சியில ஒரு கோளாறும் இல்ல சார். வேலைய விட்டு எடுத்தவங்க மூஞ்சிய மெஷின்லேர்ந்து அழிச்சுடணும்னு வருஷக் கடைசியில உங்க மேனேஜர் கூப்பிட்டாரு, நான்தானே வந்து அழிச்சுட்டுப் போனேன்!”