கேட்டால் கொடுக்கிற ஊர்

தலைமுடியைச் சரிசெய்துகொள்ள வழக்கம்போல் ஆஸ்பத்திரிக் கூடத்தின் சுவர்ப் பக்கம் திரும்பினான் இலைத்தியா. சுவரில் அவன் முகம் இல்லை. ஆளுயரக் கண்ணாடி இருந்த இடத்தில் நான்கு ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"மாமா!" என்று கத்தினான்.

காவலாளி அபோலோசி சாவகாசமாக உள்ளே வந்தார். இலைத்தியாவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அவரை அதட்டவும் முடியாது, வேலையை விட்டு அனுப்பவும் முடியாது.

"கண்ணாடி எங்க மாமா?"

"சலோத்தே வீட்டுக்குப் போயிருக்கு. சனிக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம்ல? அவ வீட்டுக் கண்ணாடியில மூக்கு மட்டும்தான் தெரியும், பாவம்."

"நீங்க ஏன் குடுத்தீங்க?"

"கெரெகெரேன்னு வந்து நின்னா. முடியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

சொந்தக்காரர் ஒருவர் கெரெகெரே என்று வாய்விட்டுக் கேட்டபின் இல்லை என்று சொன்னவனை வைகேலி தீவில் யாரும் மனிதன் என்று மதிப்பதில்லை. சொந்தம் இல்லாதவர் என்று யாராவது இருந்தால் தப்பிக்கலாம். அப்படி ஒருவர் அந்தத் தீவில் பிறந்ததே இல்லை.

ஆனால் இது ஆஸ்பத்திரிச் சாமான். பக்கவாதம் வந்தவர்களும் சர்க்கரை நோயில் காலை இழந்தவர்களும் மறுபடி நடக்கப் பழகுவதற்கு ஒரு பயிற்சிக் கூடம் வேண்டும் என்று தலைநகர் சூவாவுக்கு எழுதிக் கேட்டவன் பயிற்சியாளனான அவன்தான். வர ஆறு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. அந்தக் கெடுவில் பாதிகூட ஆகவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரி டிரைவர் ரூசியாதே படகுத்துறையிலிருந்து பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு வந்து, அவனே பிரித்து அடுக்கியும் வைத்துவிட்டான். பிடித்துக்கொண்டு நடக்க இரட்டைக் கம்பி, ஏறி இறங்கப் படிக்கட்டு, பெடல் சைக்கிள், காலில் கட்டும் எடைப் பட்டைகள், படுக்க வைக்கும் மேசை, உட்கார்ந்தால் உருளும் பெரிய பந்து, கண்ணாடி. அரசாங்கம் சொன்ன தேதிக்கு முன்னால் வைகேலிக்கு வந்த முதல் பொருள்கள் அவைதான். எல்லாம் தன் கடிதத்தின் மிடுக்கினால் வந்தது என்று இலைத்தியா உண்மையிலேயே நம்பினான். கடிதத்தின் நகலைக்கூடச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கண்ணாடி போனதில் நேராக அடி வாங்கியவர் வெரேனிகி. படகு ஓட்டியவர். சர்க்கரை அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. செயற்கைக் கால் போட்டுக் கம்பியைப் பிடித்து நடக்கும்போது எதிரே கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் குனிந்து காலையே பார்ப்பார், ஒரு பக்கமாகச் சாய்வார்.

ஞாயிறுதோறும் அவரைத் தேவாலயத்துக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது டிரைவர் ரூசியாதே. மச்சான் முறை. மச்சான் என்றால் கேலி செய்தே தீரவேண்டும்.

"வழி விடுங்க, வழி விடுங்க! சேம்பு மூட்டை வருது!" என்று கூவிக்கொண்டே வாசல்வரை தள்ளுவான். ஊரே சிரிக்கும். வெரேனிகியும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கூடத்தில் தனியாக இருக்கும்போது ஒருநாள் இலைத்தியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, புயல்ல படகு ஓட்டினவன் நான். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை என் கால்ல நடந்து கோயிலுக்குள்ள போகணும். அதுக்கப்புறம் எந்த வண்டியில வேணாலும் ஏத்துங்க."

இந்த மனிதரை நடக்க வைக்காமல் விடுவதில்லை என்று இலைத்தியா முடிவு செய்துகொண்டான்.

ஆகவே கூடத்துக்குப் பெரிய பூட்டு ஒன்று வாங்கி மாட்டினான். சாவியைத் தன் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டான்.

அதுவரை மாமாவிடம் கேட்டவர்கள் இனி அவனிடமே நேராக வந்தார்கள். மனைவியின் தம்பி காலைத் தேநீருக்கு வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், கெரெகெரே. அந்தக் கால் பட்டையெல்லாம் வேணும். வலைக்குக் கட்டற ஈயம் அறுந்துபோச்சு."

"அது நோயாளி கால்ல கட்டறதுடா."

"மீனுக்குத் தெரியவா போகுது?"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எல்லாம் இருந்தது. இலைத்தியா கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினான்.

மறுநாள் பாட்டுக் குழுத் தலைவர் வந்தார். பெரியப்பா முறை. பின்வரிசைப் பாடகர்கள் முன்வரிசைக்காரர்களின் முதுகைப் பார்த்தே பாடுகிறார்களாம், குரல் எழும்பவில்லையாம். படிக்கட்டு போயிற்று.

சாவி தன்னிடம் இருப்பதுதான் வினை என்று இலைத்தியாவுக்குப் பட்டது. சொந்தமே இல்லாத ஆள் ஒருவர் கையில் அது இருக்கவேண்டும். மாற்றலாகிப் புதிதாக வந்திருந்த தலைமை நர்ஸ் லாவினியாவின் நினைவு வந்தது. வேறு தீவுக்காரி. கண்டிப்பானவள். டாக்டரே அவளைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். யார் கெரெகெரேன்னு வந்தாலும் விரட்டி விட்டுடுங்க."

"எனக்கு இங்க யாரு சொந்தம்? தைரியமா போங்க," என்றாள் லாவினியா.

புதிய ஆளைப் பார்த்ததும் உன் ஊர் எது என்று கேட்காதவன் பிஜியிலேயே இலைத்தியா ஒருவன்தான். சூவாவில் படித்ததன் பலன். அபோலோசி மாமா கேட்டுவிட்டார்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"நாமலேகா."

மாமா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "நாமலேகாவா! அடி களவாணி! எங்க தவ்வு ஊர்ல வந்து நின்னுக்கிட்டு இத்தனை நாளா வாயைத் திறக்கலையே நீ!"

"வைகேலின்னதும் எனக்கு வாடை அடிச்சுதே, அதுலேயே தெரிஞ்சுபோச்சு!" என்று லாவினியாவும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே குலதெய்வம். அப்படிப்பட்ட ஊர்கள் ஒன்றுக்கொன்று தவ்வு. ஒரு தவ்வு இன்னொரு தவ்வை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், வீட்டுக்குள் புகுந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். அனுமதி கேட்டால்தான் அவமானம். கோபப்பட்டால் அதைவிட அவமானம்.

சாவி நாமலேகாக்காரியின் கையில் இருக்கிறது என்ற செய்தி மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. இதுவரை கெரெகெரே என்று மரியாதையாகக் கேட்டு வந்தவர்களுக்குக் கேட்கிற சிரமமும் மிச்சமாயிற்று.

"ஏய் நாமலேகா நண்டே, சாவியைக் குடு!"

"எடுத்துட்டுப் போங்கடா பஞ்சப் பரதேசிகளா, உங்க ஊர்ல வேற என்ன இருக்கு!"

இரண்டு பக்கமும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடிந்தபோது மேசை ஒரு விருந்துக்குப் பன்றி வெட்டப் போயிருந்தது. பெடல் சைக்கிள் ரக்பிக் குழுவிடம் போயிருந்தது, பந்தும்தான். இரட்டைக் கம்பியை ஆறு பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பாய் முடையும் தாழை ஓலையைக் காயப்போட அதைவிட வாகான கொடி அவர்களுக்கு இதற்குமுன் கிடைத்ததில்லையாம்.

"ஒரு வார்த்தை கோபமா பேசக்கூடாதா?" என்றான் இலைத்தியா.

"தவ்வுகிட்ட எப்படிக் கோபப்படறது? எங்க பாட்டன் பூட்டன் எழுந்து வந்து என்னை உதைப்பாங்க," என்றாள் லாவினியா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

காலியான கூடத்தின் நடுவில் வெரேனிகி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு தயாராக வந்திருந்தார். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. "பரவாயில்ல தம்பி, நாளைக்கு வர்றேன்," என்றார்.

அந்த நேரம் பார்த்து சூவாவிலிருந்து போன் வந்தது. சுகாதாரத் துறை மேலதிகாரி அலுமிதா அம்மா.

"வெள்ளிக்கிழமை நானே நேர்ல வந்து பாக்கறேன். கூடம் கச்சிதமா இருக்கணும். இல்லேன்னா சாமான் வேற தீவுக்குத்தான் போகும். வரிசையில பலபேர் நிக்கறாங்க."

"எல்லாம் அப்படியே புதுசு மாதிரி இருக்கும்மா," என்றான் இலைத்தியா, நான்கு ஆணிகளைப் பார்த்துக்கொண்டே.

இனி ஒரே வழிதான். இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரில் ஒரு கட்டை வாங்கிக்கொண்டு ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனான். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்து, கைதட்டி, முறைப்படி பேசினான். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது.

"அரசாங்கம் ஒரு பொருளை யாருக்குன்னு அனுப்புதோ அவங்களுக்குத்தான் அது சொந்தம். நடுவுல இன்னொருத்தர் கை வைக்கறதுக்குப் பேரு வேற. நம்ம பழக்கத்தை ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு வராதீங்க. நாம எப்பத்தான் திருந்தறது?"

அங்கே கூடியிருந்த எல்லோரும் தலைகுனிந்து கேட்டார்கள். பின்வரிசையில் ரூசியாதேவுக்கு மட்டும் யங்கோனா புரையேறியது.

தலைவர் வேரைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ யங்கோனா வச்சுக் கேட்டுட்டே. வெள்ளிக்கிழமை காலையில எல்லாம் வந்து சேரும். ஆனா வெறுங்கையோட திருப்பிக் குடுத்தா ஊருக்குக் கேவலம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை இலைத்தியா சரியாகக் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊரே ஊர்வலமாக வந்தது. முன்னால் பாட்டுக் குழு பாடிக்கொண்டு வந்தது. படிக்கட்டுக்கு ஊதா வர்ணம் அடித்திருந்தார்கள், விளிம்பில் வேத வசனம் எழுதியிருந்தார்கள். கண்ணாடிக்கு மணப்பெண்ணின் மாலை. எடைப் பட்டைகள் வருவதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, மீன் வாடையே சொல்லிற்று. ஒவ்வொரு சாமானோடும் பாய்கள், சேம்புக் கட்டுகள், எண்ணெய்ப் போத்தல்கள். மேசைமேல் உயிரோடு ஒரு பன்றி, கால் கட்டி.

"இதெல்லாம் எதுக்கு?" என்று அலறினான் இலைத்தியா.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அபோலோசி மாமா.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பன்றியை டாக்டர் அறைக்கு மாற்றினார்கள். அது டாக்டரை வெளியே அனுப்பியது. பாய்களை எங்கே அடுக்குவது என்று தெரியாமல் தரை முழுக்க விரித்தார்கள். விரித்ததும் ஊர் அதில் உட்கார்ந்துகொண்டது. இலைத்தியா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வாசலில் அலுமிதா அம்மாவின் குரல் கேட்டது.

"புலா! உள்ள வரலாமா?"

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெரேனிகி எழுந்துவிட்டிருந்தார். இரட்டைக் கம்பியைப் பிடித்து, எதிரே மாலை போட்ட கண்ணாடியைப் பார்த்து, ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு அடுத்ததை. குனியவில்லை, சாயவில்லை. கம்பி முடிந்தது. கையை விட்டார். பாய்மேல் தனியாக இன்னும் கொஞ்சம் நடந்துபோய்க் கண்ணாடியைத் தொட்டார்.

"சேம்பு மூட்டைக்குக் கால் முளைச்சிருச்சுடா!" என்று கத்திய ரூசியாதே, அடுத்த நிமிடம் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனைப் பார்த்து ஊர் அழுதது. பாட்டுக் குழு அழுதுகொண்டே பாடியது. இலைத்தியாவுக்கும் கண்ணாடியில் தன் முகம் தெரியவில்லை.

அலுமிதா அம்மா மூக்கை உறிஞ்சியபடி கூடத்தைச் சுற்றி வந்தாள். எடைப் பட்டைகளுக்கு அருகில் மட்டும் நிற்கவில்லை.

"எத்தனையோ தீவுல பாத்துட்டேன். எல்லா இடத்துலயும் சாமான் பிளாஸ்டிக் உறை பிரிக்காம புதுசாவே கிடக்கும். இங்கதான் நல்லாத் தேஞ்சிருக்கு. ஊரே வந்து பயிற்சி பண்ணுதுபோல!"

"ஊரேதாம்மா," என்றான் இலைத்தியா. பொய் என்று சொல்ல முடியாது.

"ஆனா ஒண்ணு புரியல. இவ்வளவு வச்சுக்கிட்டு எங்ககிட்ட ஏன் கேட்டீங்க?"

"இதெல்லாம் நீங்க அனுப்பினதுதானேம்மா!"

"நாங்களா? உங்களுக்கு ஒதுக்கினது இன்னும் சூவா கிடங்குலதான் இருக்கு. இறக்கி வைக்கக் கூடம் தயாரா இருக்கான்னு பாக்கத்தானே நான் வந்தேன்?" அலுமிதா அம்மா ஊதாப் படிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அவள் குரல் மெதுவாக மாறியது. "நாமலேகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதுதான் வழியில எங்கேயோ காணாமப் போச்சு."

பாட்டு நின்றது. லாவினியா வாயைப் பிளந்தாள். சாமான்களைத் துறையிலிருந்து ஏற்றி வந்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரூசியாதே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவன் முகத்தில் துளி வெட்கம் இல்லை. உண்மையில் அவனுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்திருந்தது.

"காணாமப் போச்சா? என்னம்மா பேசறீங்க! பெட்டி மேல நாமலேகான்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, அதனாலதானே எடுத்தேன்? வேற ஊர்ப் பேரு போட்டிருந்தா நான் தொட்டிருப்பேனா?"